முறை வைத்துக் கூப்பிட முடியாதவர்

ஜேடர்பாளையம் படுகை அணையில் பிரிகிற ராஜா வாய்க்கால் பரமத்தி வேலூர் வட்டாரத்துக்குக் கரும்பையும் வாழையையும் வெற்றிலையையும் தந்திருக்கிறது. கரும்பில் ஒரு பங்கு மோகனூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குப் போகிறது. இன்னொரு பங்கு காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே கூரை வேய்ந்து நிற்கும் வெல்ல ஆலைகளுக்குப் போகிறது. அங்கே உருட்டிய வெல்லம் 30 கிலோ சிப்பங்களாகக் கட்டப்பட்டு, வாரம் இருமுறை கூடும் பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தையை அடைகிறது. பொங்கலும் ஆயுத பூஜையும் நெருங்கும் வாரங்களில் ஆலை அடுப்பு அணைவதில்லை.

பணியிட நாகரிகம் என்றதும் குளிரூட்டிய அலுவலகமும் மனிதவள அதிகாரியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். தமிழ்நாட்டின் வேலையில் பெரும்பகுதி நடப்பதோ இந்த ஆலை மாதிரியான இடங்களில். ஐந்து பேரோ எட்டுப் பேரோ இருப்பார்கள். முதலாளியும் அங்கேயே நிற்பார். நியமன ஆணை, விடுப்பு விதி, புகார்ப் பெட்டி எதுவும் கிடையாது. கனிவைப் பற்றிய கேள்வியை இங்கே வைத்துக் கேட்டால்தான் அதன் எடை தெரியும்.

வேலை எப்படி நடக்கிறது என்பதிலிருந்தே தொடங்கலாம். கரும்பை ஆட்டிய சாறு தொட்டியில் தெளிந்து கொப்பரைக்கு வருகிறது. சுண்ணாம்பு சேர்த்துக் கொதிக்க விட்டால் அழுக்கு நுரையாக மேலே வரும். அதை அரித்து எடுக்க வேண்டும். பிறகு நீர் சுண்டச் சுண்ட வெப்பம் ஏறும். 115 முதல் 118 டிகிரி செல்சியஸுக்குள் பாகு பதத்துக்கு வரும்போது இறக்கிவிட வேண்டும். சில நிமிடம் பிந்தினால் கருகும். முந்தினால் உருண்டை பிடிக்காது. பதம் பார்க்கிறவரின் கண் கொப்பரையில் இருக்கும். காய்ந்த சக்கையை அடுப்புக்குள் தள்ளுகிறவருக்குக் கொப்பரைக்குள் நடப்பது தெரியாது. தீயைத் தணி என்று ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர் அக்கணமே கேட்க வேண்டும். இயந்திர இரைச்சலுக்கு மேலே இதைச் சத்தம் போட்டுத்தான் சொல்ல முடியும். அப்படிச் சத்தம் போடுவதை யாரும் அவமரியாதையாக நினைப்பதில்லை. எரிச்சல் வருவது, அந்தச் சத்தத்தோடு ஒருவருடைய பிறப்பும் ஊரும் தாயும் சேர்த்து இழுக்கப்படும்போதுதான்.

கொங்குப் பேச்சின் மரியாதைக்குத் தமிழ்நாடு முழுக்கப் பெயர் உண்டு. சின்னப் பையனிடம்கூட "வாங்க, போங்க" என்பார்கள் என்று வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். வியப்பு நியாயமானது, ஆனால் பாதி உண்மை. பண்ணையம் பார்த்த வீட்டுச் சிறுவன், தன் தாத்தா வயதுள்ள அருந்ததியர் பண்ணையாளைப் பெயர் சொல்லி ஒருமையில் அழைத்த காலம் இதே மண்ணில்தான் இருந்தது. அதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆக, பேச்சிலுள்ள மரியாதை யாருக்கு எவ்வளவு என்று அளந்து கொடுக்கப்பட்டது. சொந்தக்காரருக்கு ஓர் அளவு, ஊர்க்காரருக்கு ஓர் அளவு, கூலிக்கு வந்தவருக்கு ஓர் அளவு.

இந்த அளவு தொழிற்கூடத்துக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதை ஓர் ஐரோப்பிய மானுடவியலாளர் காவிரியின் இதே பகுதியில் தங்கிப் பார்த்திருக்கிறார். கேர்ட் டி நீவ் பவானியிலும் குமாரபாளையத்திலும் கைத்தறி, விசைத்தறித் தொழிலாளர்களிடையே கள ஆய்வு செய்தவர். அவர் 1999இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை தறி முதலாளிகள் தரும் 'பாக்கி' என்ற முன்பணத்தைப் பற்றியது. ஆளை நிறுத்தி வைக்க முதலாளி பாக்கி கொடுக்கிறார். வாங்கியவர் கட்டுண்டு கிடப்பார் என்பது கணக்கு. நடைமுறையில் தொழிலாளி கூடுதல் பாக்கி கேட்கிறார், வேறு தறிப்பட்டறைக்குப் போய்விடுகிறார், சில சமயம் சொல்லாமலே காணாமல் போகிறார். பணத்தால் கட்டிய உறவு இரு பக்கமும் சந்தேகத்தில்தான் ஓடியது.

அவரே 2008இல் எழுதிய இன்னொரு கட்டுரை நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. 'நாமெல்லாம் சொந்தக்காரங்க' என்று முதலாளிகள் பேசுவதைத் தலைப்பிலேயே வைத்து, தமிழ்நாட்டின் ஜவுளித் தொழிலில் உறவுப் பேச்சு என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார். உறவு கொண்டாடினால் ஆள் தங்குவார், சண்டை வராது, கூலியை உயர்த்திக் கேட்கத் தயங்குவார் என்பது எதிர்பார்ப்பு. அது பல நேரம் பலிக்கவில்லை என்று அவர் காட்டினார். அண்ணன் என்று கூப்பிட்டவரிடம் வர வேண்டிய கூலியைக் கேட்பது கடினம்; அதனாலேயே அண்ணன் என்ற அழைப்பு முதலாளிக்குச் சௌகரியமாக இருந்தது. தொழிலாளிகளுக்கும் இது தெரியாமல் இல்லை.

இதைச் சொல்வதால் உறவு முறை வைத்துப் பழகுவதெல்லாம் வேஷம் என்று ஆகாது. வீட்டு விசேஷத்துக்கு முதலாளி மொய் வைக்கிறார், ஆஸ்பத்திரிச் செலவுக்கு ராத்திரியில் பணம் புரட்டித் தருகிறார், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கையெழுத்துப் போடுகிறார். இந்த உதவிகள் உண்மையானவை. பல குடும்பங்களைக் காப்பாற்றியிருப்பவை. திருப்பூர் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்த ஷரத் சாரி, கவுண்டர் சமூகத்துச் சிறு விவசாயிகளில் பலர் தொழிலாளியாகத் தொடங்கி முதலாளியானதையும், தாங்களே உடம்பு வளைத்து உழைத்தவர்கள் என்ற பெருமையையே தங்கள் அதிகாரத்துக்கு ஆதாரமாக வைத்துக்கொண்டதையும் 2004இல் வெளியான நூலில் எழுதினார். 'நானும் இந்த வேலை செய்தவன்தான்' என்ற சொல்லில் தோழமையும் இருக்கும், 'அதனால் நீ முனகாதே' என்ற கட்டளையும் இருக்கும்.

சிக்கல் வேறு ஓரிடத்தில் இருக்கிறது. உறவின் மேல் நிற்கும் கனிவு, உறவு சொல்ல முடியாதவரிடம் போய்ச் சேருவதில்லை.

ஜேடர்பாளையம் பகுதி வெல்ல ஆலைகளில் இப்போது ஒடிசா, பிகார் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் யாருக்கும் மாமனும் அல்ல, மச்சானும் அல்ல. மொய் வரிசையில் அவர்கள் பெயர் இல்லை. பலருடைய பெயரே 'இந்திக்காரன்' என்று ஆகிவிடுகிறது, வீட்டில் அவர் பேசுவது ஒடியாவாக இருந்தாலும். வேலை பார்க்கும் இடத்திலேயே தூங்குகிறார்கள். ஆகவே அவர்களுக்குப் பணியிடம் என்பது 24 மணி நேரமும்தான்.

அந்த நிலை எவ்வளவு ஆபத்தானது என்பதை 2023 காட்டியது. அந்த ஆண்டு மார்ச்சில் ஜேடர்பாளையம் அருகே இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அதையொட்டிக் கிளம்பிய கோபமும் சந்தேகமும் வெல்ல ஆலைகள் மீதும் அங்கே தங்கியிருந்த வெளிமாநிலத்தவர் மீதும் திரும்பின. கொட்டகைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. மே மாதத்தில் ஓர் இரவு, ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது தீ வைத்தார்கள். காயமடைந்தவர்களில் ஒடிசாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிகிச்சை பலனின்றி இறந்தார். அந்த மார்ச்சில்தான் வடமாநிலத்தவர் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, பிகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்துப் போனது. பொய்ச் செய்தியை அரசு மறுத்தது சரி. மறுப்புக்குப் பிறகு சில வாரங்களில் ஒரு கிராமத்து ஆலைக் கொட்டகையில் தீ எரிந்தது.

குற்றத்தை விசாரிப்பது காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. பணியிடத்தைப் பற்றி யோசிக்கிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் சிறியவை. அந்தக் கொட்டகையில் எத்தனை பேர் தூங்கினார்கள், கதவு எந்தப் பக்கம், ஆபத்தென்றால் அவர்கள் யாருடைய கைப்பேசிக்கு அழைப்பார்கள், அழைத்தால் எந்த மொழியில் பேசுவார்கள்? வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்ததாரர் வழியாக ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்திருந்தால் தகுந்த தங்குமிடமும் மருத்துவ வசதியும் தர வேண்டும் என்றது. தெரிந்தவர் சொல்லித் தனித்தனியாக வந்து சேர்ந்தவர்களை அது எட்டவில்லை.

இனி, மரியாதைக் குறைவு வேலையை என்ன செய்கிறது என்ற பக்கம். இதற்கு உலக அளவில் நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. லின் ஆண்டர்சன், கிறிஸ்டின் பியர்சன் இருவரும் 1999இல் எழுதிய கட்டுரை, அடிதடி அளவுக்குப் போகாத, உள்நோக்கம் உண்டா இல்லையா என்று தெளிவாகச் சொல்ல முடியாத சின்னச் சின்ன அவமதிப்புகளை ஆராயத் தக்க பொருளாக முன்வைத்தது. பதில் வணக்கம் சொல்லாமல் போவது, பேசும்போது முகத்தைத் திருப்புவது, பிறர் முன்னால் குத்திப் பேசுவது போன்றவை. இவை ஒன்றுக்கொன்று பதிலாக வளர்ந்து பெரிய மோதலில் முடியும் என்பது அவர்கள் வாதம். பியர்சனும் கிறிஸ்டின் போராத்தும் பின்னர் 17 தொழில்துறைகளைச் சேர்ந்த 800 மேலாளர்களையும் ஊழியர்களையும் கேட்டார்கள். அவமதிப்புக்கு ஆளானவர்களில் 48 சதவீதத்தினர் வேண்டுமென்றே உழைப்பைக் குறைத்ததாகச் சொன்னார்கள். 25 சதவீதத்தினர் அந்தக் கோபத்தை வாடிக்கையாளர் மீது காட்டியதாக ஒப்புக்கொண்டார்கள். 12 சதவீதத்தினர் வேலையையே விட்டுவிட்டார்கள். இவை ஆட்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்ன எண்கள். அப்படியே எடுத்து வெல்ல ஆலைக்குப் பொருத்த முடியாது. ஆனால் ஆள் கிடைக்கவில்லை, வந்தவனும் நிற்பதில்லை என்று புலம்பும் எந்த ஆலைக்காரருக்கும் கடைசி எண் புதிதாக இருக்காது.

இதைவிட அழுத்தமானது இஸ்ரேலில் நடந்த ஒரு சோதனை. அரியே ரிஸ்கினும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்டது. பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவைச் சேர்ந்த 24 மருத்துவக் குழுக்களுக்கு, குறைமாதக் குழந்தையின் உடல்நிலை மோசமாவது போன்ற பயிற்சிச் சூழல் தரப்பட்டது. வெளிநாட்டு நிபுணர் ஒருவர் கவனிக்கிறார் என்று சொல்லப்பட்டது. சில குழுக்களிடம் அந்த 'நிபுணர்' நடுநிலையாகப் பேசினார். மற்றவற்றிடம், அவர்கள் செய்துகொண்டிருந்த வேலைக்குச் சம்பந்தமே இல்லாமல், மட்டம் தட்டிப் பேசினார். மட்டம் தட்டப்பட்ட குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சை செய்வதிலும் பின்தங்கின. காரணத்தையும் ஆய்வு தேடியது: அவர்கள் ஒருவருக்கொருவர் தகவல் சொல்வது குறைந்தது, உதவி கேட்பது குறைந்தது.

அடுப்பும் கொப்பரையும் இங்கே திரும்ப நினைவுக்கு வரத்தான் செய்யும். முந்தின நாள் எல்லோர் முன்னாலும் கெட்ட வார்த்தையில் திட்டு வாங்கியவர், இன்று இயந்திரத்தின் பெல்ட் விரிசல் விட்டிருப்பதைப் பார்த்தால் சொல்வாரா? பரமத்தி வேலூர் வட்டார வெல்ல ஆலைகளில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அவ்வப்போது சோதனை போட்டு, கலப்படத்துக்கு வைத்திருந்த சர்க்கரை மூட்டைகளையும், வெல்லத்தை வெளுக்கப் போடும் ஹைட்ரோஸ் போன்ற ரசாயனங்களையும் பறிமுதல் செய்கிறார்கள். சந்தையில் பளிச்சென்ற நிறத்துக்கு விலை அதிகம் என்பதால் வந்த பழக்கம் இது. அந்தப் பொடியைக் கையால் அள்ளிப் போடுகிறவர் தொழிலாளி. 'இது வேண்டாங்க' என்று சொல்லும் இடம் அவருக்கு இருந்தால், சாப்பிடுகிறவருக்கும் அது நல்லது. வாய் திறக்க முடிகிற ஆலையில் செய்யும் வெல்லமே நம்பிக்கையானது என்பது இந்தக் கட்டுரையின் துணிபு. இதை எந்த ஆய்வகமும் அளந்து தரவில்லை.

நல்ல மனசுள்ள முதலாளி வந்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமானது. தமிழ்நாட்டு வரலாறு அதற்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது. கீழத் தஞ்சையில் பண்ணையாட்களைச் சவுக்கால் அடிப்பதும் சாணிப்பால் குடிக்க வைப்பதும் தண்டனையாக இருந்தன. 1940களில் பி. சீனிவாச ராவ் அங்கே வந்து விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டியபோது, கூலிக் கோரிக்கையோடு முன்னால் நின்றது இந்த இரண்டையும் நிறுத்த வேண்டும் என்பது. 1944இல் மன்னார்குடியில் மிராசுதார்களும் தொழிலாளர் தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அது இடம் பெற்றது. மிராசுதார்களில் அடிக்காதவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களுடைய தயவால் மற்ற பண்ணைகளில் சவுக்கு கீழே இறங்கவில்லை.

உட்காரும் உரிமையின் கதையும் அப்படித்தான். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், நின்று வேலை செய்கிறவர்களுக்கு இடையில் உட்கார வசதி தர வேண்டும் என்று அன்றே சொன்னது. துணிக்கடைப் பெண்களுக்கு அது பொருந்தவில்லை. கோழிக்கோட்டில் விஜி பாலிதொடியும் 'பெண்கூட்டு' அமைப்பும் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு கேரளம் 2018இல் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 6 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் திருத்த மசோதாவைச் சட்டமன்றத்தில் வைத்தார். 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. துணிக்கடைத் தொழிலாளர்களைக் காட்டிய வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் வந்து 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு முக்காலி போடுவது கனிவான செயல் என்று யாருக்கும் தெரியும். அதைப் போட வைக்க ஒரு சட்டப் பிரிவு தேவைப்பட்டது.

இவற்றிலெல்லாம் அண்மையானதும் பணியிடப் பேச்சை நேரடியாகத் தொட்டதும் திண்டுக்கல் ஒப்பந்தம். ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த தலித் பெண் தொழிலாளி ஒருவர், 20 வயது, 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் மீது குற்றம் சாட்டப்பட்டது. பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஆசிய அளவிலும் அமெரிக்காவிலும் உள்ள தொழிலாளர் அமைப்புகளோடு சேர்ந்து விடாமல் அழுத்தம் கொடுத்தது. 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகமும், அதன் ஆடைகளை வாங்கிய எச் அண்ட் எம் நிறுவனமும் அந்த அமைப்புகளோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. பாலியல் தொல்லையோடு சாதி, ஊர் சொல்லி இழிவுபடுத்துவதும் அதன் எல்லைக்குள் வந்தது.

ஒப்பந்தத்தின் உயிர் அதன் செயல்முறையில் இருந்தது. தொழிலாளர்களிலிருந்தே சிலர் தளக் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். தையல் வரிசையில் யாராவது கத்தினால், திட்டினால், அதை அந்த வரிசைக்குள்ளேயே ஒருவர் குறித்துக்கொண்டு பேச முடிந்தது. புகார் சொன்னவரைப் பழிவாங்கினால் ஆர்டரை இழக்கும் ஆபத்து நிர்வாகத்துக்கு இருந்தது. முதல் ஆண்டில் 185 குறைகள் எழுப்பப்பட்டன. மிகப் பெரும்பாலானவை தீர்ந்தன, பலவும் ஒரு வாரத்துக்குள்ளேயே. 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை நாச்சி ஆடைகளுக்குத் தடை போட்டது. இந்த ஒப்பந்தம் நடைமுறையில் இருப்பதைக் காட்டியதால் செப்டம்பரிலேயே தடை நீங்கியது. அதட்டாமல் வேலை வாங்குவது ஏற்றுமதியைக் கெடுக்கும் என்று சொன்னவர்களுக்கு அது நல்ல பதில்.

திண்டுக்கல்லை அப்படியே ஜேடர்பாளையத்துக்குத் தூக்கி வர முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெல்லத்துக்கு எச் அண்ட் எம் போலப் பெரிய கொள்முதல்காரர் இல்லை, சங்கம் இல்லை, எட்டுப் பேர் ஆலையில் தளக் கண்காணிப்பாளர் என்று ஒருவரை வைப்பதும் கேலியாகத்தான் முடியும். ஆனால் சில ஏற்பாடுகளுக்குப் பெரிய ஆலை தேவையில்லை. கூலியைச் சனிக்கிழமை எல்லோர் கண் முன்னாலும் எண்ணி, நோட்டில் எழுதி, அவரவர் கையெழுத்தோடு கொடுக்கலாம். பாக்கிக் கணக்கையும் அதே நோட்டில் தொழிலாளி பார்க்கும்படி வைக்கலாம். தூங்கும் இடத்தை அடுப்பும் சக்கைப் போரும் இல்லாத பக்கத்துக்கு மாற்றி, இரண்டு வாசல் வைக்கலாம். பதம் பார்க்கிறவர் கற்றுக்கொள்ளும் பத்து ஒடியா வார்த்தைகள், வந்தவர் கற்றுக்கொள்ளும் பத்துத் தமிழ் வார்த்தைகளைப் போலவே வேலைக்கு உதவும். ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் செலவே இல்லை.

பெண்களுக்கென்று ஒரு வழி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களில் உள்புகார்க் குழு அமைக்க முடியாது என்பதால், மாவட்டந்தோறும் ஓர் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும் என்கிறது அது. புகார் முதலாளி மீதே என்றாலும் அந்தக் குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். எழுதத் தெரியாதவருக்குக் குழுவே எழுத உதவ வேண்டும். வெல்ல ஆலையும் விசைத்தறிப் பட்டறையும் இந்தப் பிரிவுக்குள் வருகின்றன. கொட்டகையில் கணவரோடு தங்கிச் சக்கை காய வைக்கும் வெளிமாநிலப் பெண்ணுக்கு அந்தக் குழுவின் தொலைபேசி எண்ணை யார், எந்த மொழியில் சொல்வது என்பதை நாமக்கல் மாவட்டத்து ஆலைக்காரர்களும் தொழிலாளர் துறையும் உட்கார்ந்து பேச ஒரு பிற்பகல் போதும்.